பழைய லிஃப்ட்டுக்குப் புது மெஷின்: கியரா, கியர்லெஸ்ஸா?

எங்கள் குடியிருப்பில் நான்கு மாடி, 24 வீடுகள். லிஃப்ட் 1999-ல் போட்டது. நான் சங்கச் செயலாளராக இருந்த வருடம் அதன் மெஷினை மாற்ற வேண்டி வந்தது. கைக்கு வந்த கொட்டேஷன்கள் இரண்டு வகை. ஒன்று, பழையபடியே இண்டக்‌ஷன் மோட்டாரும் வார்ம் கியரும் (திருகு போன்ற தண்டு ஒரு பல்சக்கரத்தைச் சுற்ற வைக்கிற அமைப்பு). இன்னொன்று கியர்லெஸ், அதாவது நிரந்தரக் காந்தம் வைத்த சிங்க்ரனஸ் மோட்டார். கியர்லெஸ்தான் போட்டோம், நான்கு வருடமாக ஓடுகிறது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

கியர்லெஸ் விலை அதிகம், சத்தம் குறைவு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். குலுங்காமல் கிளம்பி நிற்பதை மட்டும் கியர்லெஸ்ஸின் பெருமையாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது விவிவிஎஃப் டிரைவ், அதாவது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் வோல்டேஜையும் அதிர்வெண்ணையும் மாற்றி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி, செய்கிற வேலை, இப்போது இரண்டு வகையிலும் அது வருகிறது.

உண்மையான வித்தியாசம் மோட்டார் சுற்றுகிற விதத்தில் இருக்கிறது. இண்டக்‌ஷன் மோட்டாரில் ஸ்டேட்டர் என்ற அசையாத பகுதியின் சுழல் காந்தப்புலத்தை, ரோட்டர் என்ற சுற்றும் பகுதி துரத்திக்கொண்டே இருக்கும், எட்டிப் பிடிக்காது. பிடித்துவிட்டால் ரோட்டரில் மின்னோட்டம் தூண்டப்படாது, இழுவையும் போய்விடும். அதனால்தான் 50 ஹெர்ட்ஸில் 4 போல் (காந்த முனை) மோட்டாரின் புலம் நிமிடத்துக்கு 1500 சுற்றும்போது ரோட்டர் 1440 வாக்கில் ஓடுகிறது. எங்கள் பழைய லிஃப்ட்டின் வேகம் நொடிக்கு 0.68 மீட்டர். அதற்கு ரோப் ஓடும் புல்லி நிமிடத்துக்கு 23 தடவை சுற்றினால் போதும். 1440-ஐ 23 ஆக்கத்தான் நடுவில் அந்த கியர் பெட்டி.

சிங்க்ரனஸ் மோட்டாரில் ரோட்டரிலேயே காந்தம் இருப்பதால் புலம் போகிற வேகத்தில் அதுவும் கூடவே போகும், ஒரு சுற்றுகூடப் பின்தங்காது. போல்களை நிறைய வைத்துவிட்டால் மெதுவாகவே சுற்ற வைக்கலாம். 20 போல், 400 மில்லிமீட்டர் புல்லி, ரோப் இரட்டை மடிப்பு (பெட்டியைவிட ரோப் இரு மடங்கு வேகத்தில் ஓடும்) என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு மோட்டார் 95 சுற்று சுற்றினால் சரியாக வரும். டிரைவ் அதற்குச் சுமார் 16 ஹெர்ட்ஸ் கொடுக்கும். புல்லி நேராக மோட்டார் தண்டிலேயே உட்கார்ந்துவிடும், கியருக்கு வேலையே இல்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது இந்த கியர்தான். பழைய மெஷின் ரூமில் ஆயில் சீல் கசிந்து தரையெல்லாம் கருப்பாக இருக்கும், சாக்குப் போட்டு வைத்திருந்தோம். ஒருநாள் மெக்கானிக் கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்து என் உள்ளங்கையில் விட்டார். வெயிலில் பிடித்துப் பார்த்தால் பொன் தூள் கலந்த மாதிரி மினுமினுப்பு. “இது வீல் தேயுற வெண்கலம் சார்” என்றார். எஃகு வார்ம் வெண்கலச் சக்கரத்தின் மேல் உரசிக்கொண்டே சுற்றுகிறது. உரசித்தான் வேலை செய்ய முடியும், அதன் அமைப்பே அப்படி. சக்கரம் தேயத் தேயப் பல்லுக்கு நடுவே இடைவெளி விழும். மாடியில் நிற்கும்போது லிஃப்ட் பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கும். ஆயில் மாற்று, சீல் மாற்று, பேரிங் பார் என்று செலவு வந்துகொண்டே இருக்கும், கடைசியில் சக்கரமும் வார்மும் ஜோடியாகப் போக வேண்டும். புது கியர் மெஷின் வாங்கினாலும் இதே கணக்கு முதலிலிருந்து தொடங்கும். கியர்லெஸ்ஸில் இந்த வேலைகளில் பேரிங் மட்டும்தான் மிச்சம். பிரேக், ரோப் பராமரிப்பு இரண்டுக்கும் பொது.

அந்த உரசலில் மோட்டார் தரும் சக்தியில் கால் பங்குக்கு மேல் சூடாகப் போய்விடும். பொது மீட்டர் பில்லில் குறைவு கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் பில்லை மட்டும் நம்பி மாற்றினால் போட்ட பணம் திரும்ப ரொம்ப நாளாகும்.

கரண்ட் போய்ப் பெட்டி நடுவில் நின்றால் முன்பெல்லாம் மொட்டை மாடிக்கு ஓடி, பிரேக்கை ஒருவர் தூக்க இன்னொருவர் கைச்சக்கரத்தைச் சுற்ற வேண்டும். இப்போது பேட்டரி அதைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய் விடுகிறது. பேட்டரியும் கைவிட்டால்? மோட்டாரின் மூன்று முனைகளையும் ஒன்றாக இணைத்துவிட்டு பிரேக்கைத் தளர்த்தினால் போதும். காந்தம் சுற்றும்போது சுருளில் மின்னோட்டம் உண்டாகி அதுவே தடுக்கும், பெட்டி மெல்ல நகரும். பொருத்திய அன்று செய்து காட்டினார்கள். காலிப் பெட்டி அலுங்காமல் மேலே போனதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மனசு ஆறியது.

கியர் மெஷினுக்கும் ஒரு பலம் உண்டு. அதன் மோட்டார் எரிந்தால் எந்த ஊரிலும் ரீவைண்டிங் கடை இருக்கும். காந்த ரோட்டரைச் சும்மா கழற்ற முடியாது, ஸ்டேட்டரோடு அறைந்து ஒட்டிக்கொள்ளும், கை மாட்டினால் விரல் போய்விடும். உரிய கருவி உள்ள இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். ரோட்டர் எந்த நிலையில் நிற்கிறது என்று டிரைவுக்குச் சொல்லும் என்கோடர் கெட்டாலும் லிஃப்ட் நின்றுவிடும். எங்களுக்கு இரண்டாம் வருடம் அது நடந்து, உதிரி பாகம் வர மூன்று நாள் ஆனது. மூன்றாம் மாடியில் ஒரு பாட்டி அந்த மூன்று நாளும் கீழே இறங்கவே இல்லை. சிறிய ஊரில் இருப்பவர்கள், அல்லது நாளுக்குப் பத்துப் பதினைந்து தடவைதான் லிஃப்ட் ஓடும் என்பவர்கள் கியர் மெஷினே வாங்கினாலும் தப்பில்லை.

காந்தம் இருபது வருடம் தாங்குமா என்று சங்கக் கூட்டத்தில் கேட்டார்கள். நான்கு வருட அனுபவத்தை வைத்து நான் அதற்கு உத்தரவாதம் தர முடியாது. அதிகச் சூடுதான் காந்தத்துக்கு எதிரி. லிஃப்ட் மோட்டாரோ விட்டுவிட்டு ஓடுவது, அவ்வளவு சூடேறாது. கோனே நிறுவனம் 1996-லேயே இந்த வகை மோட்டாரோடு மெஷின் ரூமே இல்லாத லிஃப்ட்டைக் கொண்டுவந்துவிட்டது, 1997-ல் வந்த டொயோட்டா ப்ரியஸ் காரிலும் நிரந்தரக் காந்த சிங்க்ரனஸ் மோட்டார்தான். புது சரக்கு என்று பயப்பட வேண்டியதில்லை.

ஏஎம்சி (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடும்போது என்கோடரையும் டிரைவ் போர்டையும் பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள். முதல் வருடம் நாங்கள் எழுதவில்லை. இப்போது ஒரு என்கோடர் வாங்கி வாட்ச்மேன் அறை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறோம்.