காதால் படிக்க வேண்டிய நாவல்: ரூபி டீயின் குரலில் ஹர்ஸ்டன்

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டனின் 'தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' நாவலை அச்சில் இரண்டு முறை எடுத்து, இரண்டு முறையும் இருபது பக்கத்துக்குள் வைத்துவிட்டேன். அமெரிக்கத் தெற்கின் கறுப்பின மக்கள் பேசும் பேச்சை அப்படியே எழுத்தில் கொண்டுவந்திருக்கிறார், கண் தடுக்கிக்கொண்டே போகும். அப்புறம் நடிகை ரூபி டீ வாசித்த ஒலிநூலைக் கேட்டேன். ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டே நாளில் முடித்துவிட்டேன்.

1937இல் வந்த நாவல். மூன்று கல்யாணம் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் ஜேனி, பின்வாசல் படியில் உட்கார்ந்து தோழி ஃபீபியிடம் எல்லாவற்றையும் சொல்கிறாள். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் மனம்விட்டுச் சொல்லும் கதை என்பதால் அது குரலில்தான் உயிர்பெறுகிறது. ஆறு வயதில் வெள்ளைக்காரக் குழந்தைகளோடு எடுத்த போட்டோவைப் பார்க்கிறாள் ஜேனி. தான் இருக்க வேண்டிய இடத்தில் நீள முடியோடு ஒரு கறுப்புச் சிறுமி நிற்கிறாள். நான் எங்கே என்று கேட்கிறாள், சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு மிகவும் பிடித்தது ஈட்டன்வில் பகுதி. ஃபுளோரிடாவில் கறுப்பின மக்களே அமைத்து ஆண்ட ஊர், அங்கே வெள்ளைக்கார முதலாளி கிடையாது. ஆனாலும் மேயரான இரண்டாவது கணவன் ஜோ, இன்னொருவன் ஜேனியின் பின்னலைத் தொட்டதைப் பார்த்த நாளிலிருந்து கடையில் தலையில் துணி கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்கிறான். வெள்ளைக்காரன் இறக்கிவைத்த சுமையைக் கறுப்பு ஆண் தன் வீட்டுப் பெண் தலையில் ஏற்றுகிறான் என்று பாட்டி முன்பே சொன்னது இங்கேதான் உறைக்கிறது. ஜோ செத்ததும், ஊரைக் கூப்பிடுவதற்கு முன்னால், கண்ணாடி முன் நின்று அந்தத் துணியை இழுத்தெறிந்து முடியை அவிழ்த்துப் பார்க்கிறாள். பிறகு மறுபடி கட்டிக்கொண்டு போய்ச் சாவுச் செய்தி சொல்கிறாள்.

இந்த நாவலில் கருப்பொருளும் இல்லை, சேதியும் இல்லை என்று வெளிவந்த ஆண்டே இன்னொரு கறுப்பின எழுத்தாளரான ரிச்சர்ட் ரைட் எழுதினார். நாவலின் பிற்பகுதியில் ஒரு பெரும்புயல் அடிக்கிறது, அதற்குப் பிறகு வருவதை அவர் எப்படித் தாண்டிப் போனாரோ! வெள்ளைப் பிணங்களுக்கு மட்டும் சவப்பெட்டி, நிறம் தெரியாத பிணமென்றால் முடியைப் பார்த்து முடிவு செய் என்று உத்தரவு. மறுபடியும் முடி.

குறை இல்லாமல் இல்லை. மூன்றாவது கணவன் டீ கேக் அவளை அடிப்பதை நாவல் லேசாகக் கடந்துபோகிறது, அது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. கடைசியில் ஜேனி ஒரு வழக்கில் நிற்கிறாள், அங்கே நீதிமன்றத்தில் அவள் பேசுவதும் அவள் வாயால் வருவதில்லை, ஆசிரியர் சுருக்கிச் சொல்லிவிடுகிறார். இவ்வளவு நேரம் அந்தக் குரலோடு இருந்துவிட்டு அங்கே அது கேட்காமல் போவது பெரிய ஏமாற்றம்.

ஆங்கிலம் ஓரளவு பழகியவர்கள் முதல் இரண்டு அத்தியாயங்களுக்கு அச்சு நூலையும் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அதற்கப்புறம் நூலை மூடிவைத்துவிடலாம், காது பழகிவிடும்.