கம்பெனி ஷிப்டா, பீஸ் ரேட்டா? சிறையிலிருந்து திரும்பியவர்களுக்கு

சிறையில் தையல் பழகி வெளியே வருகிறவருக்குத் திருப்பூரில் இரண்டு கதவுகள் தெரியும். ஒன்று ஏற்றுமதிக் கம்பெனியின் ஷிப்ட் வேலை. மற்றொன்று, சின்னப் பவர் டேபிள் ஒன்றில், அதாவது ஒரு கான்ட்ராக்டர் சில மோட்டார் தையல் மெஷின்களை வைத்து நடத்தும் சிறு கூடத்தில், பீஸ் ரேட்டுக்குத் தைப்பது; தைத்த உருப்படிகளின் எண்ணிக்கைக்குத்தான் கூலி. கோவை மத்தியச் சிறையில் தொழில் கற்ற நான் இரண்டிலும் வேலை பார்த்துவிட்டுப் பீஸ் ரேட்டில் நிலைத்தேன். என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். செக்யூரிட்டி வேலைக்கு அலைய வேண்டாம். தண்டனை பெற்றவரைக் காவலாளியாக வைக்கக் கூடாது என்று தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. வாடகைக் காரும் உணவு டெலிவரியும் பின்னணிச் சரிபார்ப்பைத் தாண்டித்தான் கிடைக்கும். சிறைத்துறையின் ‘ஃப்ரீடம்’ பெட்ரோல் பங்குகள் நல்ல ஏற்பாடு. ஆனால் அவை சில ஊர்களில்தான் இருக்கின்றன, வெளியே வருகிறவர்களோ எல்லா ஊர்களிலும் இருக்கிறோம்.

கம்பெனி வேலையின் பலன்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. பி.எஃப்., போனஸ், இ.எஸ்.ஐ. மூன்றும் உண்டு. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவரிடம் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம்தான் பிடிப்பார்கள். அதற்குக் குடும்பம் முழுவதற்கும் மருத்துவம் கிடைக்கிறது. இதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

சேரும்போது தரும் விண்ணப்பத்தில் வழக்கு பற்றிய கேள்வி இருந்தால் உண்மையை எழுதுங்கள். அரசுப் பணிகள் தொடர்பான அவ்தார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம், கேட்ட விவரத்தை மறைப்பதே வேலையை இழக்கக் காரணமாகலாம் என்றும், சின்ன வழக்குகளில் நிர்வாகம் பெருந்தன்மை காட்டலாம் என்றும் சொன்னது. தனியார் கம்பெனியில் மறைத்தாலும் இணையத்தில் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் வழக்கு வந்து நிற்கிறது. சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைச் சட்டப்படி நீதிமன்றம் விடுவித்தவர்களுக்கு மட்டும் ஒரு பாதுகாப்பு உண்டு: 1958-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 12-ஆவது பிரிவு, அத்தீர்ப்பால் எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது. அந்தத் தீர்ப்பின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இவ்வளவையும் கடந்து வேலை கிடைத்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். பேச வேண்டியது அதற்குப் பிறகுதான். நம்மில் பெரும்பாலோருக்கு வேலை கிடைப்பதைவிட அது நிலைப்பதே பெரும்பாடு. அதைத் தீர்மானிப்பது லீவு.

சிறைக்கதவு திறந்ததும் வழக்கு முடிந்துவிடுவதில்லை. மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீனில் வந்தவருக்கு, தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திடும் நிபந்தனை சர்வ சாதாரணம். முன்விடுதலையில் வந்தவர் நன்னடத்தை அலுவலரைப் போய்ப் பார்க்க வேண்டும். இன்னொரு வழக்கு நிலுவையில் இருந்தால் வாய்தா. காவல் நிலையத்தின் பழைய குற்றவாளிகள் பட்டியலில் பெயர் இருந்தால் தேர்தலுக்கும் பெரிய திருவிழாவுக்கும் முன்னால் நன்னடத்தைப் பிணைப் பத்திரத்துக்கு அழைப்பு வரும். இவற்றில் எதையும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ள முடியாது.

ஷிப்ட் காலை எட்டரைக்குத் தொடங்குகிறது. பத்தரை மணிக் கையெழுத்து அதன் நெஞ்சில் வந்து விழுகிறது. கம்பெனியில் தையல் ஒரு வரிசை; நடுவில் ஒருவர் எழுந்து போனால் பின்னால் இருப்பவர்கள் துணிக்காகக் காத்திருக்க வேண்டும். சூப்பர்வைசர் நல்லவராகவே இருந்தாலும் எத்தனை நாள் பொறுப்பார்? நான் இருந்த இடத்தில் என் வழக்கைக் காரணம் காட்டி யாரும் என்னை நிறுத்தவில்லை. ‘அட்டெண்டன்ஸ் சரியில்லை’ என்றார்கள். அது பொய்யும் இல்லை. அதனால்தான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

பீஸ் ரேட்டில் இந்தக் கணக்கே வேறு. கான்ட்ராக்டர் முதலில் பார்ப்பது கையைத்தான். ஓவர்லாக் மெஷினில் உட்கார வைத்து நாலு பீஸ் தைக்கச் சொல்வார். தையல் நேராக வந்தால் மறுநாள் வரச் சொல்வார். என் வழக்கை நானே சொன்னேன். எந்த மணிக்குப் போய் எந்த மணிக்குத் திரும்புவேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் விசாரித்தது அந்த இரண்டாவது விஷயத்தைத்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து இரவு வரை தைத்தால் அன்றைய கூலி பெரிதாகக் குறையாது. சனிக்கிழமை எண்ணிக் காசு கொடுப்பார்கள். வராத நாளுக்குக் காசில்லை, ஆனால் கெட்ட பெயரும் இல்லை.

வ.உ.சி. 1912 டிசம்பரில் விடுதலையானபோது அவருடைய வக்கீல் சன்னது, அதாவது வழக்காடும் உரிமம், பறிக்கப்பட்டிருந்தது. அது திரும்பக் கிடைக்காத காலத்தில் சென்னையில் கடை வைத்தும் பிழைத்தார். அவருடைய சிறை வேறு, எங்களுடையது வேறு, ஒப்பிடவில்லை. ஆனாலும், பிறர் கையெழுத்திட்டால்தான் செய்ய முடிகிற தொழில் எவ்வளவு படித்தவரையும் காத்திருக்க வைக்கிறது என்பதை அதில் பார்க்கிறேன்.

பீஸ் ரேட்டின் குறைகள் சிறியவை அல்ல. ஆர்டர் இல்லாத வாரத்தில் கையில் ஒன்றும் இருக்காது. ஆல்டர் பீஸ்களை, அதாவது பிழையாகத் தைத்ததென்று திரும்பி வருபவற்றை, கூலியில்லாமல் பிரித்துத் தைக்க வேண்டும். அட்வான்ஸ் வாங்கினால் அந்த டேபிளை விட்டு நகர முடியாது. எவ்வளவு நெருக்கடியிலும் வாங்காதீர்கள் என்பேன். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் கிடையாது. தையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொண்டால் கொஞ்சம் ஈடாகும், முழு ஈடாகாது.

கைமடி, செக்கிங் போன்ற உதவியாள் வேலைகளுக்குப் பவர் டேபிளிலும் ஷிப்ட் கூலிதான். நான் சொன்ன சாதகம் அவர்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. பெண்களின் நிலை பற்றியும் உறுதியாகப் பேச மாட்டேன். நான் பழகியவர்கள் எல்லாம் ஆண்கள். இரவு எத்தனை மணி வரையிலும் தைத்து ஈடுகட்டலாம் என்று ஒரு பெண்ணிடம் எளிதாகச் சொல்லிவிட முடியாது.

தண்டனைக் காலம் முழுமையாக முடிந்து, நிலுவை வழக்கோ கையெழுத்து நிபந்தனையோ இல்லாதவர் கம்பெனியைத்தான் முதலில் முயல வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் இ.எஸ்.ஐ. பெரிய துணை. என் தம்பி வயதுப் பையன் ஒருவன் போன மாதம் வெளியே வந்து யோசனை கேட்டான். நிபந்தனை உத்தரவை வாங்கிப் படித்தேன். பத்தரை மணி என்று இருந்தது. அவனைப் பவர் டேபிளுக்கு அழைத்துப் போனேன். நிபந்தனையைத் தளர்த்த வக்கீல் மனுப் போட்டிருக்கிறார். தளர்ந்ததும் கம்பெனிக்குப் போகச் சொல்லியிருக்கிறேன்.