அப்பாவோட எழுபதாவது பிறந்தநாள் கச்சேரி: அந்த பலகுரல் பாடகருக்காகவே கூப்பிடலாம்

போன மாசம் திண்டுக்கல்ல அப்பாவுக்கு பீமரத சாந்தி வச்சோம், அன்னைக்கு சாயங்காலம் மண்டபத்துலயே மெல்லிசை கச்சேரி. மூணு மணி நேரத்துக்கு 55,000 ரூபா பேசி 10,000 அட்வான்ஸ் குடுத்தோம். கீபோர்டு, ரிதம் பேட், தபலா, பேஸ் கிட்டார், ரெண்டு பாடகர், ஒரு பாடகின்னு ஏழு பேர், சவுண்டு செட்டும் அவங்களோடதுதான். குழுவோட பேர இங்க போடல, ஏன்னா குறையும் சொல்லப்போறேன், சின்ன குழு, ஒரு நாள் சவுண்டு சரியில்லங்கிறதுக்காக அவங்க பொழப்புல மண்ணு விழக்கூடாது.

கச்சேரின்னா எல்லா குழுவும் ஓரளவு நல்லாத்தான் பாடுவாங்க, அதுக்கு ரிவ்யூ எழுதணும்னு அவசியமே இல்ல. நான் எழுத உக்காந்ததே நடுவுல அரை மணி நேரம் வந்த பலகுரல் பகுதிக்காக.

எனக்கு பாட்டு மிமிக்ரின்னாலே ஒரு கசப்பு உண்டு. அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு வேற ஒரு குழு வந்திருந்தாங்க, அதுல ஒருத்தர் டி.எம்.எஸ். மாதிரி பாடுறேன்னு மைக்க புடிச்சு, வயசான குரலாம், நடுங்கி நடுங்கி நடுவுல இருமி இருமி பாடினார், சனம் சிரிச்சுது. டி.எம்.எஸ். 2013ல தவறி அப்ப ரொம்ப நாள்கூட ஆகல. அப்பா சின்ன வயசுலேர்ந்து அவர் குரல கேட்டே வளந்த ஆளு, ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சு பந்தி நடக்குற பக்கம் போயிட்டார், கச்சேரி முடியுற வரைக்கும் திரும்பி வரவே இல்ல. அதனால இந்த தடவ குழுக்காரர் போன்ல "நம்மகிட்ட பலகுரல் ஐட்டம் இருக்கு சார்"னு சொன்னப்ப வேண்டாம்னுதான் சொன்னேன், அவர்தான் "ஒரு பத்து நிமிஷம் பாருங்க, பிடிக்கலன்னா கண்ண காட்டுங்க, நிறுத்திடுறோம்"னார்.

அந்த பாடகருக்கு நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், ஒல்லியான ஆளு. மேடைக்கு வந்ததும் முன்வரிசைல இருந்த அத்தைங்கள பாத்து "இன்னைக்கு பந்தில என்னம்மா விசேஷம்"னு கேட்டார், அவங்க ஆளுக்கு ஒண்ணா கத்தினத வச்சு அங்கயே "இலை போட்டாச்சு, எல்லாரும் வாங்க, அவியல் இருக்கு, அப்பளம் இருக்கு, பழமும் இருக்கு"ன்னு ஒரு வரி கட்டினார், அவ்ளோதான் பாட்டு. அந்த ஒத்த வரிய எட்டு குரல்ல பாடினார். நல்ல யோசனைன்னு அப்பவே தோணுச்சு, ஏன்னா தெரிஞ்ச பாட்டுன்னா நம்ம மனசே பாதிய நிரப்பிக்கும், அவியல் அப்பளத்துக்கு அந்த வசதி கிடையாது, குரல மட்டும் வச்சு ஆள காட்டியாகணும். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் பையன், அமெரிக்க டிவில வர்ற ஜிம்மி ஃபாலன் ஷோல பாடகி அரியானா கிராண்டே 2015ல பண்ணத காட்டினான், அந்த பொண்ணு பிரிட்னி ஸ்பியர்ஸ், கிறிஸ்டினா அகிலேரா குரல்ல சின்ன புள்ளைங்க பாட்ட பாடுது, அங்கயும் இதே சூட்சுமம்தான்.

மொதல்ல பி.பி.எஸ்., அதான் பி.பி.ஸ்ரீனிவாஸ், அவர் குரல்ல பாடுறதுக்கு முன்னாடி திரும்பி ரிதம் பேடுகாரர பாத்து கைய தாழ்த்தி நிறுத்த சொன்னார், தபலா மட்டும் விரல் நுனில, மைக்க உதட்டோட ஒட்டி வச்சுகிட்டு "அப்பளம் இருக்கு"ன்னார் பாருங்க, சத்தமா சொன்னா அப்பளம் நொறுங்கிடும்ங்கிற மாதிரி, அவ்ளோ மெத்துன்னு. மண்டபமே சிரிச்சுது, ஆனா யாரும் பி.பி.எஸ்ஸ பாத்து சிரிக்கல, அந்த மென்மைய அச்சு அசலா பிடிச்சுட்டாரேன்னு சிரிச்சாங்க. அடுத்து கே.பி.சுந்தராம்பாள், ஆம்பள தொண்டைய வச்சுகிட்டு அந்த கணீர் உச்சத்துக்கு போயி "பழமும்"ல இருக்குற ழகரத்த பிடிச்சு நிறுத்தினார், பின்னாடி சேர்ல இருந்த எங்க பெரியாத்தா கைய எடுத்து கும்பிட்டுச்சு. சந்திரபாபுவுக்கு குரல நெஞ்சுலேர்ந்து சட்டுன்னு கள்ளக்குரலுக்கு தாவவிட்டு திரும்ப கீழ இறக்குற அந்த யோடலிங், அதுல அவியல் அஞ்சு துண்டா உடஞ்சுது, புள்ளைங்க எல்லாம் ஒன்ஸ்மோர் கேட்டாங்க. உதித் நாராயண்னாலே எல்லா மேடைலயும் அவர் தமிழ் உச்சரிப்ப வச்சுதான் ஓட்டுவாங்க, இவர் அத லேசா தொட்டுட்டு விட்டுட்டார், அந்த குரல்ல எப்பவும் ஒரு சிரிப்பு இருக்கும்ல, அத பிடிச்சார். எஸ்.பி.பி.க்கு வார்த்தைக்கு நடுவுல வர்ற அந்த சின்ன சிரிப்பும் மூச்சும், அத பண்ணிட்டு "இவரே பெரிய பலகுரல் மன்னர், தசாவதாரம் தெலுங்குல கமல் சாரோட ஏழு வேஷத்துக்கு இவர்தான் டப்பிங்"னு சொல்லி மேல பாத்து கும்பிட்டார்.

டி.எம்.எஸ். வந்தப்ப எனக்கு வயித்த கலக்குச்சு. அப்பா கைய கட்டிகிட்டு உக்காந்திருந்தார். பாடகர் மைக்க ஒரு ஜாண் தள்ளி பிடிச்சு, முகத்த நிமித்தி, வார்த்தைய வெட்டு வெட்டா பளிச்சுன்னு பாடினார், கூட்டம் "எம்ஜிஆர்!"னு கத்துச்சு. ஒரு நொடி நிறுத்தி அதே வரிய, அதே சுருதிலதான், அடிவயித்துலேர்ந்து எடுத்து "எல்லாரும்"ங்கிற வார்த்தைய இழுத்து கனமாக்கி கடைசில லேசா குரல உடச்சார், "சிவாஜி!"ன்னு இன்னும் பெரிய சத்தம். ஒரே மனுசன் ரெண்டு பேருக்கும் வருசக்கணக்கா பாடி, கண்ண மூடிகிட்டு கேட்டாலே யாருக்கு பாடினதுன்னு தெரியுற மாதிரி பாடினார்ல, அந்த வித்தைய பத்து செகண்டுல காட்டிட்டார். அப்பா கட்டின கைய எடுத்து தொடைல தட்டி சிரிச்சார்.

அதோட விடல அப்பா, எந்திரிச்சு "பாகவதர் வருமா?"ன்னு கேட்டார், அந்த கால பாடகர்-நடிகர் எம்.கே.தியாகராஜ பாகவதரத்தான். அவர் "ஐயா கேட்டா வராம இருக்குமா"ன்னு சொல்லி, கீபோர்டுகாரர்கிட்ட சுருதிய ஏத்த சொல்லி, பிருகாவா, அதான் சுரங்கள வேகமா உருட்டுறது, அப்படி உருட்டி மேல போயி "இலை"ய விரிச்சார். அப்படியே நிறுத்தாம ரெண்டாவது தடவ பாடுறப்ப குரல் கொஞ்சம் கொஞ்சமா மாறி டி.எம்.எஸ்ஸா வந்து நின்னுச்சு, எந்த இடத்துல மாறுச்சுன்னே எனக்கு பிடிபடல. டி.எம்.எஸ். ஆரம்பத்துல பாகவதர் பாணியிலதான் பாடினார், 1950ல வந்த கிருஷ்ண விஜயத்துல அவர் பாடினத கேட்டா பாகவதர்னே நினைப்போம். அப்பா இத எங்களுக்கு எத்தனையோ தடவ சொல்லியிருக்கார், நாங்கதான் காதுல வாங்கினதில்ல. அன்னைக்கு ஒரு ஆளு அத வாயால சொல்லாம பாடியே காட்டினார். அப்பா மேடைக்கு போயி தோள்ல கிடந்த பட்டுத்துண்ட எடுத்து அவருக்கு போத்தினார்.

இப்ப குறை. ஏழு மணின்னு சொல்லி ஏழே முக்காலுக்குத்தான் ஆரம்பிச்சாங்க, ராத்திரி பத்துக்கு மேல ஸ்பீக்கர் போடக்கூடாதுல்ல, அதனால கடைசில நாங்க கேட்ட மூணு பாட்டு போச்சு. பேஸ் ஸ்பீக்கர் நெஞ்ச இடிச்சுது, குத்துப்பாட்டுல வார்த்தையே கேக்கல, பாடகர் தள்ளி பிடிக்கிறப்ப மைக் ரெண்டு தடவ கூவுச்சு. முழுக்க லைவ்னு பேசிட்டு நாலு புதுப்பாட்டுக்கு ட்ராக் போட்டாங்க, அது எனக்கு பிடிக்கல. அந்த பாடகி ஜானகியம்மாவோட குழந்தை குரலும் எல்.ஆர்.ஈஸ்வரியும் அருமையா பண்ணாங்க, ரெண்டே ரெண்டு தடவதான் விட்டாங்க, அந்த பொண்ணுக்கு இன்னும் பத்து நிமிஷம் குடுத்திருக்கலாம்.

கூப்பிடுறவங்க பேசுறப்பவே பலகுரலுக்கு நாப்பது நிமிஷம் வேணும்னு சொல்லிடுங்க, வீட்டு பெரியவங்களுக்கு பிடிச்ச பாடகர் யாருன்னும் முன்கூட்டியே சொல்லுங்க, அந்த மனுசன் தயாராகி வருவார். எங்க சித்தப்பா பொண்ணு கல்யாண ரிசப்ஷனுக்கு இதே குழுதான், தேதி சொல்லி அட்வான்ஸும் குடுத்தாச்சு, சவுண்டு மட்டும் உள்ளூர்ல வேற ஆள வச்சுக்கிறோம்னு சொல்லிட்டோம், அவங்களும் சரின்னுட்டாங்க. அப்பா இப்பவே எம்.ஆர்.ராதா குரல்ல ஒரு வரி வேணும்னு சொல்லி விட்டிருக்கார்.