இஎல்எம் 327 புளூடூத் ஸ்கேனர்: டர்போ டீசல் புகையைக் கண்டுபிடிக்க உதவுமா?

டர்போ டீசல் வண்டி புகை தள்ள ஆரம்பித்தால் பல ஒர்க்‌ஷாப்களில் முதல் பேச்சே "டர்போ போச்சு சார், மாத்திடலாம்" என்பதுதான். அதற்குத் தலையாட்டும் முன், வண்டியின் சென்சார் ரீடிங்குகளைப் போன் ஆப்பில் காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்த இஎல்எம் 327 கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகிப் பாருங்கள். கறுப்புப் புகை என்றால் கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கும். நீலப் புகைக்கு இதை நம்பி உட்காராதீர்கள்.

விற்பனையில் இருப்பவை பெரும்பாலும் நகல்கள். பதிப்பு 2.1 என்று அச்சிட்ட பலவற்றுக்குப் பாதிக் கட்டளைகள் புரியாது, கே-லைன் என்ற பழைய தொடர்பு முறையில் பேசும் வண்டிகளோடு இணையவும் இணையாது. 1.5 என்று வருபவை தேவலை. ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை அல்லது புளூடூத் எல்இ மாடலைத்தான் வாங்க வேண்டும்.

சோதனையை இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சாவியை மட்டும் ஆன் செய்து தொடங்குங்கள். மேப் ரீடிங் (இன்ஜினுக்குள் நுழையும் காற்றின் அழுத்தம்) சென்னையில் 100 கிலோபாஸ்கலை ஒட்டியும் ஊட்டியில் 77, 78 அளவிலும் இருக்க வேண்டும். இங்கேயே பிசகினால் சென்சாரைச் சரிபார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். ஆப்பில் ஆர்பிஎம், மேப், மாஃப் (நொடிக்கு உள்ளே வரும் காற்றின் எடை) மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். கருவி மெதுவானது, பத்து சென்சாரைக் கேட்டால் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறி இறங்குவதே பதிவாகாது. இன்ஜின் சூடானதும், காலி ரோட்டில், மூன்றாவது கியரில் 1500 ஆர்பிஎம்மிலிருந்து 3500 வரை ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். ஓட்டும்போது போனைப் பார்க்க வேண்டாம், பதிவை வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்கலாம்.

உதாரணமாக, 1248 சிசி மல்டிஜெட் இன்ஜினில் 3000 ஆர்பிஎம்மில் மேப் 200 காட்டினால், மாஃப் நொடிக்கு ஏறக்குறைய 55 முதல் 60 கிராம் வர வேண்டும். மேப் 120-ஐத் தாண்டாமல் மாஃப் மட்டும் 50-ஐத் தொட்டால், அளந்து உள்ளே விட்ட காற்று வழியில் எங்கோ வெளியேறுகிறது. வந்த காற்றுக்குத் தக்க டீசலை ஈசியு (இன்ஜினின் கணினி) ஊற்றுகிறது, எரிக்கக் காற்று இல்லை, புகை கறுப்பாகிறது. இந்த இடத்தில் டர்போவைத் தொடவே தேவையில்லை. இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) ஹோஸைக் கழற்றி, கிளிப் உட்கார்ந்திருந்த இடத்தையும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தையும் விரலால் வளைத்துப் பாருங்கள். ஐட்லிங்கில் மூடிக்கிடக்கும் கீறல், பூஸ்ட் ஏறும்போதுதான் வாயைத் திறக்கும். சுற்றிலும் எண்ணெய்க் கறை படிந்திருப்பதே அடையாளம்.

மேப், மாஃப் இரண்டுமே குறைவா? ஏர் ஃபில்டர், டர்போவின் பூஸ்டைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டர், அதற்குப் போகும் சிறு குழாய் என்று வரிசையாகப் பாருங்கள். மேப் சரியாக இருந்து மாஃப் மட்டும் குறைந்தால் இஜிஆர் வால்வு (எரிந்த புகையில் கொஞ்சத்தை மீண்டும் இன்ஜினுக்குள் விடுவது) திறந்தபடி மாட்டியிருக்கலாம், அல்லது மாஃப் சென்சாரில் அழுக்கு.

ஒரு இடத்தில் ஏமாந்துவிடக் கூடாது. இந்தச் சாக்கெட் வழியே வரும் பொதுவான (ஓபிடி) மேப் ரீடிங் 255 கிலோபாஸ்கலோடு நின்றுவிடும். அதற்கு மேல் பூஸ்ட் தரும் வண்டிகளில் கோடு 255-ல் தட்டையாக ஓடுவது கோளாறு அல்ல.

நீலப் புகை இன்ஜின் ஆயில் எரிவது. அதைச் சொல்லும் சென்சார் கிடையாது, பிழைக் கோட் எதுவும் வராமலே லிட்டர் கணக்கில் ஆயில் போகும். அங்கே கைதான் கருவி. இன்ஜின் ஆறியபின் டர்போவின் காற்று நுழைவு ஹோஸைக் கழற்றி, ஷாஃப்டை முன்னும் பின்னும் இழுங்கள்: கையில் ஆட்டமே தெரியக்கூடாது. பக்கவாட்டில் லேசான ஆட்டம் இயல்பு, முன்பின்னாக ஆடினாலோ பிளேடு கூட்டில் உரசினாலோதான் டர்போ தேய்ந்துவிட்டது. இவை இல்லாமல் ஆயில் கசிந்தால் பிரீதர் (இன்ஜினின் உள் அழுத்தத்தை வெளியேற்றும் வழி) அடைப்பையும் டர்போவின் ஆயில் ரிட்டர்ன் பைப்பையும் பாருங்கள். டர்போ ஷாஃப்டில் இருப்பது ரப்பர் சீல் அல்ல, மெல்லிய உலோக வளையம். கிரேங்க்கேஸ் (இன்ஜினின் அடிப்பகுதிக் கூடு) அழுத்தம் ஏறினால் புது டர்போவிலும் ஆயில் தாண்டி வரும். இதைப் பார்க்காமல் டர்போவை மட்டும் மாற்றுவதுதான் பெரிய பண விரயம். இன்டர்கூலரில் ஆயில் தேங்கியிருந்தால் வடித்துச் சுத்தம் செய்யும்வரை இன்ஜினை முறுக்காதீர்கள்: டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும்.

கூலன்ட் எரிவதாலும் வரும் வெள்ளைப் புகைக்குப் பாதி உதவி: கூலன்ட் வெப்பநிலை தாறுமாறாக ஏறி இறங்குவதை வரைபடத்தில் பிடிக்கலாம். டேங்கில் கூலன்ட் குறைகிறதா என்பதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றிவிடுங்கள். நாள்கணக்கில் செருகியே வைத்தால் பேட்டரி இறங்கிவிடும்.