ஆக்சிஜன் சென்சார் கோளாறு: ஸ்கேனரா, மல்டிமீட்டரா?

ஸ்கேனரில் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) பி0171 என்ற கோளாறுக் குறியீடு வந்ததும், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாரை மாற்றிவிடுவது வீண் செலவு. கலவையில் பெட்ரோல் குறைவு என்றுதான் அதற்கு அர்த்தம். வேக்யூம் குழாய் விரிசல் விட்டாலும் அதே குறியீடுதான் வரும். ஸ்கேனரின் பலம் லைவ் டேட்டா, அதாவது இன்ஜின் ஓடும்போதே சென்சார் காட்டும் அளவுகள். இன்ஜின் சூடான பிறகு, கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) முன்னால் உள்ள சென்சார் (ஜிர்கோனியா வகை) 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விறுவிறுவென ஏறி இறங்க வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் சந்தேகப்படலாம். அதற்குப் பின்னால் உள்ள சென்சாரின் வோல்ட் அதிகம் அசையாமல் இருப்பதுதான் சரி, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மல்டிமீட்டர் அந்த வேகத்தைப் பிடிக்காது. ஆனால் பி0135, அதாவது சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டரில் கோளாறு என்றால் அதுதான் கைகொடுக்கும். சைலன்சர் ஆறியபின் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கம் ஒரே நிறத்தில் உள்ள இரண்டு வயர்களுக்கு (பெரும்பாலும் வெள்ளை) இடையே ஓம் பாருங்கள். ஓ.எல். (இணைப்பே இல்லை) என்று காட்டினால் ஹீட்டர் உள்ளே அறுந்துவிட்டது. சில ஓம் காட்டினால் ஹீட்டர் அறுந்துவிடவில்லை, முதலில் ஃபியூஸைப் பாருங்கள்.