புள்ளிக் கணக்கா, ஆட்டமா?

இளம் ஐஸ் ஹாக்கி வீரனின் வளர்ச்சியை எதை வைத்து அளப்பது? வட அமெரிக்காவின் இரவு ஆட்டம் கோலாலம்பூரில் நமக்குக் காலை. பிரிக்பீல்ட்ஸ் கடையில் பசியாறிக்கொண்டே என் தம்பி புள்ளிப் பட்டியலைப் பார்ப்பான். நான் ஆட்டத்தைப் பார்ப்பேன்.

கோல் போட்டால் ஒரு புள்ளி, உதவினாலும் ஒரு புள்ளி. இளம் வீரர்களை ஒப்பிட எளிது, சரி. ஆனால் ஜோ தார்ன்டனை எடுத்துக்கொள்ளுங்கள். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லின் அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் சுற்றில், 1997-இல் முதல் ஆளாகத் தேர்வானவர். முதல் சீசனில் 55 ஆட்டங்களில் வெறும் 7 புள்ளிகள். பட்டியலை மட்டும் நம்பியிருந்தால் அப்போதே கைகழுவியிருப்போம். அதே மனிதர் 2005-06-இல் 125 புள்ளிகள் எடுத்து, என்எச்எல்லின் மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பையை வென்றார்.

ஆட்டத்தைப் பார்த்தால்தான் வளர்ச்சி தெரியும். பக் (ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டு) தன்னிடம் இல்லாதபோது இளம் வீரன் எங்கே நிற்கிறான்? தளத்தைச் சுற்றியுள்ள பலகையோர மோதலில் பக்கை விடாமல் காக்கிறானா? ஒரு கோல் முன்னிலையில் கடைசி நிமிடம், பயிற்சியாளர் அவனை இறக்குகிறாரா? சன்வே பிரமிட் பனித்தளத்தில் ஒருமுறை சறுக்கிப் பாருங்கள். வேகமாக வந்து சட்டென்று திரும்புவதே எவ்வளவு பெரிய வித்தை என்று புரியும்.

கண்ணுக்குப் பிடித்தவன்மேல் பாசம் வந்துவிடும், அது உண்மைதான். அதைச் சரிபார்க்கத் தம்பியின் பட்டியல் உதவும். ஆனாலும் 22 வயதுவரை நான் ஆட்டத்தைத்தான் நம்புவேன். தடுப்பாட்டக்காரர்களுக்கு இன்னும் இரண்டு வருடம் கூடவே கொடுப்பேன்.