புளியரைக்கு இந்தப் பக்கமிருந்து ‘விண்ணைத்தாண்டி வருவாயா’

தமிழ்ப் படத்தில் மலையாளி தலைகாட்டினால் டீக்கடை, தேங்காயெண்ணெய்க் கேலி, இழுத்துப் பேசும் தமிழ் என்று ஆரம்பித்துவிடுவார்கள். 2010 பிப்ரவரி 26இல் வந்த இந்தப் படம் அந்தப் பக்கமே போகாதது பெரிய நிம்மதி. கேரள எல்லையை ஒட்டிய புளியரைக்கு இந்தப் பக்கம் செங்கோட்டை, தென்காசி, அம்பை என்று மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு மலையாளிகள் பக்கத்து வீட்டுக்காரர்கள். அவர்களைச் சரியாகக் காட்டியிருக்கிறார்களா என்றுதான் நாம் முதலில் பார்ப்போம். வீட்டுக்குள் நடப்பதற்கு முழு மதிப்பெண் தரலாம். வெளியே வந்தால் பாதிதான்.

இயக்குநர் கௌதம் மேனன் ஒற்றப்பாலத்தில் பிறந்தவர். அப்பா மலையாளி, அம்மா தமிழ். இரண்டு வீட்டையும் அறிந்த கை திரைக்கதையில் தெரிகிறது. நாயகி ஜெஸ்ஸியின் அப்பா ஜோசப்பாக மலையாள நடிகர் பாபு ஆண்டனியையே போட்டது நல்ல முடிவு. அவர் வந்து நின்றாலே அந்த வீட்டில் யார் பேச்சு நடக்கும் என்று புரிந்துவிடுகிறது. சினிமாவே ஆகாத குடும்பம் அது. சினிமா எடுக்கத் துடிக்கும் நாயகன் கார்த்திக்கோ அதே வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறான். ஜெஸ்ஸி இன்று சரி என்பாள், நாளை வேண்டாம் என்பாள். அதற்காக அவளைத் திட்டாத ரசிகர் குறைவு. ஆனால் அப்பாவின் மேல் பயமும் பாசமும் ஒன்றாகக் கலந்து வளர்ந்த பெண் அப்படித்தான் தடுமாறுவாள். அவளை வில்லியாக்காமல் விட்டதுதான் படத்தின் நேர்மை.

ஆலயக் கல்யாணக் காட்சியை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். நம் படங்களில் கல்யாணம் நிற்க வேண்டுமென்றால் தாலி கட்டும் நொடியில் யாராவது வாசலில் இருந்து கத்த வேண்டும். இங்கே பாதிரியார் சம்மதம் கேட்கிறார், ஜெஸ்ஸியே மறுக்கிறாள். மணமக்கள் மனமொப்பிச் சொல்லாமல் திருமணம் செல்லாது என்பது சபைச் சட்டம். சம்மதம் வாங்கிய பிறகுதான் மின்னு என்கிற தாலியைக் கட்டுவார்கள். அது இலை வடிவில் ஒரு சின்னப் பொட்டு, மேலே மணிமணியாக ஒரு சிலுவை. மந்திரகோடிச் சேலையிலிருந்து உருவிய நூலில் அதைக் கோத்திருப்பார்கள். அந்தச் சேலையை மாப்பிள்ளை பெண்ணின் தலையில் போர்த்துவதும் அதற்கப்புறம்தான். ஆகவே ஜெஸ்ஸி மறுக்கும் இடம் சடங்குப்படியும் சரியாக உட்கார்ந்திருக்கிறது.

இனி குறை. கார்த்திக் இந்து, ஜெஸ்ஸி கிறிஸ்தவள். மதம்தான் தடை என்று படம் முடித்துக்கொள்கிறது. அவன் பாளையங்கோட்டையிலோ நாசரேத்திலோ ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகும் கிறிஸ்தவப் பையனாக இருந்திருந்தால் ஜோசப் சரி என்றிருப்பாரா? சந்தேகம்தான். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் தங்கள் வழியைத் தோமா அப்போஸ்தலர் வரை கொண்டுபோவார்கள். சீரோ மலபார், ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயா, மார்த்தோமா என்று அவர்களுக்குள்ளேயே பல சபைகள். ரேனியஸ், கால்டுவெல் போன்ற மிஷனரிகள் காலத்தில் வளர்ந்த நம் ஊர்ச் சபைக் குடும்பத்தோடு சம்பந்தம் பேசுவது அவர்களில் பல வீடுகளுக்கு எளிதல்ல. பைபிள் ஒன்றாக இருந்தாலும் வம்சக் கணக்கு வேறு. அதை ஒரே ஒரு வசனத்தில் தொட்டிருந்தால்கூட அப்பாவின் பிடிவாதத்துக்கு எலும்பு கிடைத்திருக்கும்.

படத்தில் வரும் ஆலப்புழையும் அப்படித்தான். மனோஜ் பரமஹம்சாவின் கேமராவில் தண்ணீரும் தென்னையும் கண்ணை நிறைக்கின்றன, ஆனால் ஊர்க்காரர்கள் யாரும் மனதில் நிற்பதில்லை. அதே நாளில் தெலுங்கில் வந்த ‘ஏ மாய சேசாவே’, 2012இல் இந்தியில் வந்த ‘ஏக் தீவானா தா’ இரண்டிலும் நாயகி மலையாளக் கிறிஸ்தவப் பெண்தான். தமிழ்ப் பையன் இருந்த இடத்தில் வேறு பையனைக் கொண்டுவந்து வைக்க முடிந்தது என்றால், தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடுவே மட்டும் உள்ள உறவு எதுவும் கதைக்குத் தேவைப்படவில்லை என்றுதானே அர்த்தம்? செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். ஆரியங்காவு ஐயப்பன் திருக்கல்யாணத்துக்கு வருடந்தோறும் மதுரைச் சௌராஷ்டிரர்கள் பெண் வீட்டாராக மலையேறிப் போகிறார்கள். இவ்வளவு கொண்டான் கொடுத்தான் கதை கிடக்கிற எல்லை இது.

‘ஆரோமலே’ பாட்டு மட்டும் விதிவிலக்கு. தமிழ் கலந்த அரைகுறை மலையாளத்தை ஒப்பேற்றாமல் மலையாளப் பாடலாசிரியர் கைதப்ரத்தை எழுதவைத்து, அல்ஃபோன்ஸ் ஜோசப்பைப் பாடவைத்தார் ரஹ்மான். அந்த மொழிக்குக் கொடுத்த மரியாதை அது.

தமிழ்ப் பதிப்பையே பாருங்கள். தெலுங்கில் இருவரும் சேர்ந்துவிடுவதால் ஜெஸ்ஸியின் தயக்கத்துக்கு எடை குறைந்துவிடுகிறது. படத்தில் வரும் புளிங்குன்னு ஆலயத்தைப் பார்க்கப் செங்கோட்டை வழியாகக் கேரளம் போகும் பாலருவி எக்ஸ்பிரஸில் கிளம்புகிறவர்கள் நேரே ஆலப்புழை போய்விடலாம் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம், அது கோட்டயம் வழியாகப் போகும் வண்டி. கொல்லத்திலோ காயங்குளத்திலோ இறங்கி மாற வேண்டும். ஆலப்புழை படகுத்துறையிலிருந்து அரசுப் படகு உண்டு. ஞாயிறு காலைத் திருப்பலி நேரத்தில் மட்டும் உள்ளே போய்ப் போட்டோ எடுக்காதீர்கள்.